"பார்வை நல்லாத்தானே இருக்கு... அப்புறம் என்னம்மா?" - எரியும் கண்களும், 'ஒண்ணுமில்லை' என்ற டாக்டர்களும்!

கண் டாக்டரிடம் போனால் முதலில் என்ன செய்வார்கள்? தூரத்தில் மாட்டியிருக்கும் போர்டில் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். கடைசிக்கு முந்தைய வரி வரை தடங்கல் இல்லாமல் படித்துவிட்டால், சீட்டில் '6/6' என்று எழுதிவிடுவார்கள். பார்வை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நிம்மதியாக வீட்டுக்கு வரலாம்.

ஆனால், அந்த எழுத்துகளைப் படிக்கும்போதே கண்ணுக்குள் மிளகாய்த்தூள் விழுந்ததுபோல எரிந்தால்? அதை எழுத அந்தச் சீட்டில் கட்டமே இல்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் 46 வயதுப் பெண் ஒருவர், நான்கு வருடங்களில் நான்கு டாக்டர்களிடம் அந்த போர்டைப் படித்துக் காட்டியிருக்கிறார். நான்கு முறையும் 6/6. முதல் மூன்று பேர் சொன்ன பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வாங்க."

அவருக்கு இருந்தது நாள்பட்ட கண் உலர்வு நோய். 'டிரை ஐ' என்றால் பலருக்கும் தெரிந்திருக்கும். பெயர் வெளியே வர வேண்டாம் என்கிறார். கண்ணில் கோளாறு என்று கம்பெனியில் தெரிந்தால், செக்கிங் மேஜையில் உட்கார வைக்க யோசிப்பார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது.

கண்ணை நம்பித்தான் சம்பளம்

தைத்து வரும் டி-ஷர்ட்டை மேஜையில் விரிக்க வேண்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, கலர் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே திருப்பி, பிசிறு வெட்ட வேண்டும். அடுத்த பீஸ். அதற்கடுத்த பீஸ். ஒரு ஷிஃப்ட் 8 மணி நேரம். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிஃப்ட். காற்றில் எப்போதும் பஞ்சுத் தூசு. புழுக்கத்துக்குத் தலைக்கு மேல் ஒரு ஃபேன், பக்கத்தில் ஒரு ஃபேன்.

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலிலும் இமை, கண்ணின் மேல் கண்ணீரைப் புதிதாகத் தடவிவிட்டுப் போகிறது. எதையாவது உற்றுப் பார்க்கும்போது இந்தச் சிமிட்டல் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அது கம்ப்யூட்டராக இருந்தாலும் சரி, கறுப்புத் துணியில் கறுப்பு நூலாக இருந்தாலும் சரி.

"மொதல்ல சாயங்காலம் மட்டும்தாங்க எரிஞ்சுது. வேலை அசதின்னு விட்டுட்டேன். அப்புறம் மத்தியானமே எரிய ஆரம்பிச்சுது. கடைசியில காலையில எந்திரிக்கறப்பவே இமை ஒட்டிக்கிட்டு, மணலை அள்ளிப் போட்டாப்புல இருக்கும். வெள்ளைத் துணி வந்துட்டா போச்சு. பாக்கவே முடியாது. கண்ணுல தண்ணி கொட்டும்" என்கிறார்.

தண்ணீர் கொட்டினால் அது எப்படி 'உலர்ந்த' கண் ஆகும்? இந்தக் குழப்பம் அவருக்கும் இருந்தது. நம் கண்ணீர் வெறும் தண்ணீர் கிடையாது. அடியில் வழுவழுப்பான சளி போன்ற பொருள், நடுவில் தண்ணீர், மேலே மெல்லிய எண்ணெய். மூன்றும் சேர்ந்ததுதான் கண்ணீர்ப் படலம். இமை ஓரத்தில் உள்ள மைபோமியன் சுரப்பிகள் அந்த எண்ணெயைத் தருகின்றன. எண்ணெய் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் காய்ந்து எரிந்ததும், மூளை பதறிப்போய் ஒரேயடியாகக் கண்ணீரைத் திறந்துவிடும். அந்தத் தண்ணீர் கன்னத்தில் வழிந்து ஓடுமே தவிர, கண்ணில் தங்காது. அதனால், காய்ந்த கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டலாம்.

முதல் மூன்று டாக்டர்கள்

முதல் டாக்டர் போர்டைப் படிக்கச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தார். "பார்வை நல்லாத்தானே இருக்கு... அப்புறம் என்னம்மா? செல்போன் பாக்குறதைக் குறைச்சுக்கோங்க" என்றார். ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். உள்ளே போனதிலிருந்து வெளியே வந்தது வரை இரண்டு நிமிடம்.

"என்கிட்ட அப்ப இருந்தது பட்டன் போனுங்க. சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வெளிய அம்பது பேர் உக்காந்திருக்காங்க, நம்ம என்னத்தப் பேசறதுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

இரண்டாவது டாக்டர், அது அலர்ஜி என்றார். பஞ்சுத் தூசில் வேலை என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். அலர்ஜி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த வகை மாத்திரைகளில் பல, கண்ணீரையும் உமிழ்நீரையும் குறைக்கக்கூடியவை. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மாத்திரை போட்ட வாரங்களில் கண் இன்னும் அதிகமாக எரிந்தது. திரும்பப் போய்ச் சொன்னபோது, "தூசுல வேலை பாத்தா அப்படித்தான். வேற வேலை பாருங்க" என்ற பதில் கிடைத்தது.

நடுவில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, கண் சிவப்பு போக ஒரு சொட்டு மருந்தும் வாங்கி விட்டிருக்கிறார். இந்த மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, கண்ணைக் கொஞ்ச நேரம் வெள்ளையாகக் காட்டும். தொடர்ந்து போட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். அவருக்கும் அதுதான் நடந்தது.

மூன்றாவது டாக்டரிடம் கணவருடன் போனார். அங்கே நடந்ததுதான் இன்றுவரை அவருக்கு ஆறவில்லை. அந்த டாக்டர் அவரிடம் பேசாமல், கணவரைப் பார்த்துக் கேட்டார். "வீட்ல ஏதாவது டென்ஷனா? இந்த வயசுல லேடீஸுக்கு இப்படித்தான் எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க. மனசை ஃப்ரீயா வெச்சுக்கச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவர் சொன்னது: "டாக்டரே ஒண்ணுமில்லைங்கறாரு. நீதான் புள்ள பெருசு பண்ணிட்டிருக்கே."

"அவரைச் சொல்லித் தப்பில்லைங்க. படிச்சவங்க சொன்னா அவரு நம்பத்தானே செய்வாரு? ஆனா, அன்னிக்கிருந்து வீட்ல கண்ணு எரியுதுன்னு சொல்றதையே நிறுத்திட்டேன்" என்கிறார்.

அந்த டாக்டர் சொன்னதில் பாதி உண்மைதான். மாதவிடாய் நிற்கும் வயதில் ஹார்மோன்கள் மாறுவதால் கண் உலர்வு அதிகமாக வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்த நோய் அதிகம். அப்படியானால், வயதைக் கேட்டதும் கண்ணைக் கூடுதலாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அங்கே வயதையே காரணமாகச் சொல்லி, பரிசோதனையை முடித்துவிட்டார்கள்.

"வீட்ல சண்டையா அம்மிணி?"

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் எந்த டாக்டரிடமும் போகவில்லை. ஒவ்வொரு முறையும் அரை நாள் சம்பளம் போகிறது, ஃபீஸ் போகிறது, கடைசியில் பொய் சொல்கிறோமோ என்று தனக்கே சந்தேகம் வருகிறது. எதற்குப் போக வேண்டும்?

அந்த ஒரு வருடத்தில் நிறைய நடந்தது. சொந்தக்காரர் கல்யாணத்தில் ஏ.சி மண்டபம். முகூர்த்தம் முடிவதற்குள் கண் ரத்தச் சிவப்பாகிவிட்டது. "வீட்ல சண்டையா அம்மிணி? அழுதியா?" என்று பெரியம்மா முறையில் ஒருவர் தனியாக அழைத்துக் கேட்டார். இல்லை என்றால் நம்பவில்லை. ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. அதன் பிறகு ஏ.சி மண்டபக் கல்யாணம் என்றாலே, மொய்யைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொண்டார்.

கம்பெனியில் நிலைமை இன்னும் மோசம். அவர் பார்த்து அனுப்பிய பீஸ்களில் டேமேஜ் தெரிய ஆரம்பித்தது. சூப்பர்வைசர் முதலில் மெதுவாகச் சொன்னார். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு ஓவர்டைமுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மகளின் காலேஜ் ஃபீஸ் அந்த ஓவர்டைம் பணத்தில்தான் கட்டிக்கொண்டிருந்தார்.

ஓவர்டைம் பணம் நின்றபோதுதான், மகளுக்கு விஷயம் முழுதாகத் தெரிந்தது. அவர் செய்தது ஒரு சின்ன வேலை. "வாயில சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்கல்லம்மா. எழுதிக் குடுத்துப் பாப்போம்" என்று நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழித்து எழுதினார். எப்போது ஆரம்பித்தது, எந்த நேரத்தில் அதிகம், என்ன வேலை, இதுவரை போட்ட மருந்துகள், எந்த மருந்துக்குப் பிறகு என்ன ஆனது, எத்தனை நாள் வேலை போனது. எல்லாமே ஒரே பக்கம்தான். பழைய சீட்டுகளையும் காலி பாட்டில்களையும் ஒரு கேரி பேக்கில் போட்டுக்கொண்டார்கள்.

ஐந்து நிமிடம், ஒரு காகிதம்

நான்காவது டாக்டர் அந்தப் பக்கத்தைப் படித்தார். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு, அவரது கீழ் இமை ஓரத்தில் ஒரு மெல்லிய காகிதத் துண்டை மாட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தார். வலது கண்ணில் 3 மில்லிமீட்டர், இடது கண்ணில் 4 மில்லிமீட்டர் மட்டும் நனைந்திருந்தது.

இது 'ஷிர்மர் டெஸ்ட்'. பொதுவாக 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் கண்ணீர் போதுமான அளவு இருக்கிறது என்றும், 5 அல்லது அதற்குக் கீழே என்றால் மிகவும் குறைவு என்றும் எடுத்துக்கொள்வார்கள். ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் டாக்டர் இதை அறிமுகப்படுத்தியது 1903-ல். பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. வடிதாள் துண்டும் ஐந்து நிமிடமும் போதும்.

அடுத்து, கண்ணில் ஒரு சாயத்தைத் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். சிமிட்டிய பிறகு கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடி உடையாமல் நிற்கிறது என்று எண்ணும் டெஸ்ட் இது. 10 விநாடிக்குக் குறைந்தால் கோளாறு இருக்கலாம். அவருக்கு 4 விநாடியில் உடைந்தது. கடைசியாக, இமை ஓரத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தார். தெளிந்த எண்ணெய் வர வேண்டிய இடத்தில், உறைந்த நெய்போலக் கெட்டியாக வந்தது. தண்ணீரும் குறைவு, எண்ணெயும் அடைப்பு. இரண்டு கோளாறும் சேர்ந்திருந்தன.

எல்லாம் முடிந்ததும் அந்த டாக்டர் கேட்ட கேள்வியை அவர் மறக்கவே இல்லை. "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு எப்படிம்மா இத்தனை நாள் செக்கிங் பாத்தீங்க?"

"அந்தம்மா மருந்து எழுதறதுக்கு முன்னாடியே எனக்குப் பாதி குணமாயிருச்சுங்க. நான் பொய் சொல்லலைன்னு ஒருத்தர் சொல்லிட்டாங்கல்ல..."

இன்னும் சில கேள்விகளும் இருந்தன. "வாய் காய்ஞ்சுபோகுதா? தண்ணி இல்லாம இட்லியை முழுங்க முடியுதா? மூட்டு வலி இருக்கா?" கண்ணும் வாயும் சேர்ந்து காய்ந்தால் ஷோகிரன் சிண்ட்ரோம் என்ற நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பு சக்தியே, கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது. அலர்ஜி மாத்திரை போட்ட நாள்களைத் தவிர வாய் காய்ந்ததில்லை என்றார் இவர். இருந்தாலும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

ஒரு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். "அந்த நோய்க்கான அறிகுறி ஒண்ணுமில்லம்மா. ஆனா, வாய் காய்ஞ்சா, மூட்டு வீங்கினா உடனே வந்து சொல்லணும்."

நான்கு வருடமாகக் கேட்ட அதே வார்த்தைதான். இந்த முறை அதைக் கேட்டு அவர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லும் 'ஒண்ணுமில்லை' ஆறுதல் தரும். சோதிக்காமலே சொல்லும் 'ஒண்ணுமில்லை', நோயாளியை ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார வைத்துவிடும்.

டாக்டர்களுக்கு ஏன் தெரிவதில்லை?

எல்லா டாக்டர்களும் அலட்சியக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. கண் மருத்துவமனை வரிசையில் கண்புரை இருப்பவர், கண் அழுத்தம் இருப்பவர், சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர் என்று, பார்வையே போய்விடும் நிலையில் பலர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில், நன்றாகப் பார்வை தெரியும் ஒருவர் 'எரியுது' என்றால், அது சின்ன விஷயமாகத் தெரிந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல், அந்த போர்டு. ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற நெதர்லாந்து கண் டாக்டர் அதை உருவாக்கியது 1862-ல். எவ்வளவு சின்ன எழுத்தைப் படிக்க முடிகிறது என்பதை மட்டும்தான் அது அளக்கும். ஒரு சில விநாடிகள் கஷ்டப்பட்டுப் படித்துவிடலாம். எட்டு மணி நேரம் அதே கண்ணால் வேலை செய்ய முடியுமா என்பதை அது சொல்லாது.

மூன்றாவது காரணம், இந்த நோயின் குணம். டாக்டர் பார்க்கும் பாதிப்பும், நோயாளி சொல்லும் வலியும் பல நேரங்களில் பொருந்தாது. கண் மேற்பரப்பு நன்றாகவே காய்ந்திருக்கும். நோயாளிக்குப் பெரிதாக வலி இருக்காது. இன்னொருவருக்குப் பார்த்தால் கொஞ்சம்தான் பாதிப்பு இருக்கும். வலி தாங்க முடியாது. உடலிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் ஒன்று, கருவிழியின் மேல் உள்ள கார்னியா. அங்கே நரம்பே கோளாறானால், கண் பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் எரியும்.

கண்ணீர்ப் படலம் பற்றி ஆராயும் 'டி.எஃப்.ஓ.எஸ்' என்ற சர்வதேச அமைப்பு 2017-ல் வெளியிட்ட அறிக்கையில், டிரை ஐ நோயின் வரையறையிலேயே நோயாளி உணரும் தொந்தரவுகளையும் சேர்த்திருக்கிறது. ஆக, நோயாளி சொல்வதைக் கேட்காமல் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. 'பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை' என்பதோடு நிறுத்துவது, பாதிப் பரிசோதனைதான்.

டாக்டரையே நம்பாத கதை

ஷோகிரன் என்ற பெயர், ஹென்ரிக் ஷோகிரன் என்ற ஸ்வீடன் கண் டாக்டருடையது. கண் காய்ந்து அவதிப்பட்ட 19 பெண்களைப் பரிசோதித்து, இது கண்ணோடு நிற்கும் பிரச்னை இல்லை, உடல் முழுக்க உள்ள நோய் என்று 1933-ல் ஆய்வேடு எழுதினார். அந்த ஆய்வேட்டுக்குப் போதிய மதிப்பு கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மேலே போகத் தேவையான 'டோசென்ட்' தகுதி அவருக்கு மறுக்கப்பட்டது. பிறகு அவர் ஒரு சிறிய நகரத்தின் மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1943-ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஒருவர் அந்த ஆய்வேட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகுதான், அது பலருக்கும் தெரிய வந்தது. இன்று உலகம் முழுக்க அந்த நோய்க்கு அவர் பெயர்தான்.

கண் காய்கிறது என்று சொன்ன பெண்களின் பேச்சை மதித்துக் கேட்டவரையே, படித்தவர்கள் கூட்டம் நம்ப மறுத்திருக்கிறது.

டாக்டரிடம் எப்படிப் பேசுவது?

இந்தத் திருப்பூர் அம்மாவும் மகளும் கற்றுக்கொண்டது, இதே தொந்தரவு இருக்கும் யாருக்கும் உதவும்.

ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். 'ரொம்ப எரியுது' என்பதைவிட, 'மதியம் 2 மணிக்கு மேல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை', 'மாதத்தில் 4 நாள் லீவு போட்டேன்' என்பது டாக்டருக்குச் சட்டென்று புரியும்.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் சொல்லுங்கள். அலர்ஜி, மன அழுத்தம், முகப்பரு ஆகியவற்றுக்குத் தரும் சில மாத்திரைகள் கண்ணைக் காய வைக்கும். கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சை செய்திருந்தால், அதையும் சொல்லுங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

'எனக்கு என்ன நோய்?' என்று கேட்டால், 'ஒண்ணுமில்லை' என்று பதில் வரலாம். அதற்குப் பதில், பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். "கண்ணீர் அளவு எவ்வளவு இருக்குங்க டாக்டர்? இமைச் சுரப்பி அடைச்சிருக்கா? கண்ணீர் எத்தனை விநாடி நிக்குது?" இந்த மூன்றுக்கும் சோதித்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

மருந்து எழுதினால், "எத்தனை வாரத்துல பலன் தெரியும்? தெரியலைன்னா அடுத்து என்ன?" என்று கேளுங்கள். நான்காவது டாக்டர் இவருக்கு சைக்ளோஸ்போரின் என்ற சொட்டு மருந்து கொடுத்தார். கண்ணின் அழற்சியைக் குறைக்கும் மருந்து அது. "போட்டதும் எரியும். பலன் தெரிய ரெண்டு மூணு மாசம்கூட ஆகும். நடுவுல விட்டுடாதீங்க" என்று முன்பே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால், இரண்டாம் நாளே பாட்டிலைத் தூக்கி எறிந்திருப்பேன் என்கிறார் இவர்.

முடிந்தால் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். டாக்டர் துணைக்கு வந்தவரிடம் பேசினால், துணைக்கு வந்தவர், "அவங்ககிட்டயே கேளுங்க டாக்டர்" என்று சொல்லட்டும்.

ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று, இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்பதும் நோயாளியின் உரிமை என்று, தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டயத்தில் இருக்கிறது. இரண்டாவது டாக்டரிடம் போவது, முதல் டாக்டரை அவமதிப்பது ஆகாது.

வீட்டில் செய்யக்கூடியவை

இந்த நோய் பெரும்பாலும் ஒரேயடியாகக் குணமாகாது. சர்க்கரை, பி.பி போலக் கூடவே வைத்துச் சமாளிக்க வேண்டியது. ஆனால் சமாளிக்க முடியும்.

சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி சீக்கிரம் ஆறிவிடும் என்பதால், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பிறகு இமையை மெதுவாக, முடி இருக்கும் ஓரத்தை நோக்கி நீவிவிட வேண்டும். அடைத்திருக்கும் எண்ணெய் இளகும். சூடு அதிகமாகிவிடக் கூடாது.

உற்றுப் பார்க்கும் வேலையில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பாருங்கள். அந்த நேரத்தில் இமை முழுவதுமாக மூடும்படி சிமிட்டுங்கள். ஃபேன் காற்றும் ஏ.சி காற்றும் நேராக முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் போகும்போது கண்ணாடி அணியுங்கள்.

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் போட வேண்டியிருந்தால், 'பிரிசர்வேட்டிவ்' இல்லாத மருந்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனமே, அடிக்கடி போட்டால் கண்ணை உறுத்தலாம். விலை கொஞ்சம் அதிகம். கட்டுப்படியாகவில்லை என்றால், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர், தேன் என்று யார் எதைச் சொன்னாலும் கண்ணில் விடாதீர்கள். கிருமி போய்விட்டால், இருக்கும் பார்வைக்கே ஆபத்து. மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் அதைத் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும்.

திடீரென்று பார்வை மங்கினால், கடும் வலி வந்தால், வெளிச்சமே பார்க்க முடியாமல் போனால், சீழ் வந்தால், அது டிரை ஐ என்று விட்டுவிடாதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

இப்போது எப்படி இருக்கிறார்?

சைக்ளோஸ்போரின் மூன்றாம் மாதத்தில்தான் வேலை செய்ய ஆரம்பித்தது. முழுதாகச் சரியாகவில்லை. காற்றடிக்கும் ஆடி மாதம் இன்னும் கஷ்டம்தான். வெள்ளைத் துணி வந்தால், பக்கத்து மேஜைக்காரரிடம் மாற்றிக்கொண்டு கலர் துணி வாங்கிக்கொள்கிறார். பதிலுக்கு அவருடைய பங்குப் பிசிறையும் சேர்த்து வெட்டிக் கொடுக்கிறார். ஓவர்டைம், வாரத்தில் இரண்டு நாள் திரும்பக் கிடைத்திருக்கிறது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளை, மகள் இல்லாமல் அவரே ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

வீட்டில் யாரும் மன்னிப்பு எல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குடும்பத்தில் அது வழக்கமும் இல்லை. ஃபேன் காற்று முகத்தில் படக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும், கணவர் கேட்டு வைத்திருக்கிறார். ராத்திரி படுக்கப் போகும் முன் எதுவும் சொல்லாமல், டேபிள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறார்.